நியூட்ரல்

அம்பிட்டிய மேட்டில் மூன்றாவது கியர் விழவில்லை.

செசிலியா கிளச்சை அடிவரை மிதித்து லீவரைத் தள்ளினாள். பாதித் தூரம் போய் அது நின்றது. இரும்பில் இரும்பு முட்டிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தோள் கொடுத்து நின்றால் எப்படிக் கொஞ்சம் இளகிவிட்டு உடனே திருப்பித் தள்ளுமோ அப்படித் தள்ளியது. வண்டியின் வேகம் குறைய, பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தான். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தார் ரோட்டிலிருந்து கிளம்பிய ஆவியும் பஸ்ஸின் டீசல் புகையும் ஜன்னல் வழியாக வந்து முகத்தில் படிந்தன. இன்னொரு தரம் தள்ளினாள். விழவில்லை. மூன்றாம் தரம் அவள் எதையும் யோசிக்கவில்லை. கிளச்சை மிதித்து லீவரை நடுவுக்கு இழுத்தாள், காலை எடுத்தாள், மறுபடி மிதித்தாள், தள்ளினாள். ஈர மணலில் கால் புதைவதுபோலக் கியர் உள்ளே இறங்கியது.

வண்டி ஏறத் தொடங்கிய பிறகுதான் தன் கால் என்ன செய்தது என்று அவளுக்கு உறைத்தது. அப்படி இரண்டு முறை மிதித்து மாற்றுவது பழைய லொறிகளின் வழக்கம். இது ஐந்து கியர் ஜப்பான் பிக்கப், வெளிநாட்டு உதவிக்காரர்கள் அவள் வேலை செய்யும் சமூக சேவை நிலையத்துக்குக் கொடுத்து எட்டு மாதம்தான். இருக்கைகளின் புது ரெக்சின் வாசனைகூட இன்னும் போகவில்லை. அவள் அந்தப் பழைய முறையில் கியர் மாற்றிப் பதின்மூன்று வருடமாகிறது.

லீவரின் குமிழ் சூடாக இருந்தது. சற்று முன்வரை யாரோ பிடித்திருந்த சூடு.

அந்த முறையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவளுடைய புருசன் பற்றிக். சொந்தமாக ஒரு லொறி வைத்து ஓட்டியவன். கல்யாணமான புதிதில், பல்லேகலப் பக்கம் வெறும் புல்தரையாகக் கிடந்த ஒரு வெளிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிப்போவான். லீவரைப் பிடித்திருக்கும் அவள் கைக்கு மேல் தன் கையை வைத்துக்கொண்டு, "அவசரப்படாத, அதுவா வரும்" என்பான். அவனுடைய உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும். பெண் பிள்ளை லொறி ஓட்டுவதைப் பார்க்க வேலியோரம் ஆட்கள் நிற்பார்கள். அவனுக்கு அதில் பெருமை.

எண்பத்துமூன்று ஜூலையில், தமிழர்களுக்கு எதிரான கலவரத்தின்போது, கேகாலையில் சரக்கு இறக்கிவிட்டுக் கண்டிக்குத் திரும்பும் வழியில், பிலிமத்தலாவையைத் தாண்டுவதற்கு முன் ஒரு வளைவில் லொறியை மறித்தார்கள். லொறியோடு சேர்த்து அவனை எரித்தார்கள். குழந்தை பெற்றீசியாவுக்கு அப்போது நான்கு மாதம். அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்தில், மேசைகளை நகர்த்திப் போட்ட சிமெந்துத் தரையில் செசிலியா உட்கார்ந்திருந்தபோது, மூன்றாம் நாள் லோரன்ஸ் வந்தான். பற்றிக்கோடு ஒன்றாகப் படித்தவன், சரக்கு ஏற்றி இறக்க லொறியில் கூடவே போகிறவன். கட்டுகலைப் பக்கம் சிங்களவர் நடுவில் வளர்ந்தவன் என்பதால் அவன் சிங்களம் பேசினால் யாரும் வித்தியாசம் காணமுடியாது.

அவள் காலடியில் குந்தி அவன் சொன்னது அவளுக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. "எஞ்சின் நின்னு போச்சு செசிலி. அவன் எவ்வளவோ ஸ்டார்ட் பண்ணிப் பாத்தான். நான் ஆளக் கூட்டிட்டு வரலாம்னு இறங்கி ஓடினேன்." பிறகு வயலுக்குள் ஒளிந்திருந்து புகையைத்தான் பார்த்ததாகச் சொன்னான்.

அதன் பிறகு லோரன்ஸ் அவர்களை விட்டு விலகவே இல்லை. அவளுக்கு இந்த நிலையத்தில் வேலை வாங்கித் தந்தவன் அவன்தான். அவனும் இங்கேதான் ஸ்டோர்கீப்பர். பெற்றீசியாவை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவனும் அவன். காய்ச்சல் கண்ட இரவுகளில் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவன். பங்குக் கோயில் ஃபாதர் அவளிடம், செய்தவர்களை மன்னித்துவிடு என்று சொன்னார். அவள் மன்னித்துவிட்டதாகவே நினைத்திருந்தாள். முகம் தெரியாதவர்களை மன்னிப்பதில் பெரிய சிரமமில்லை.

நிலையத்தின் டிரைவர் குவைத்துக்குப் போனபோது, அவளிடம் லைசன்ஸ் இருப்பது தெரிந்த, நிலையத்தை நடத்தும் சிஸ்டர் டொரதி பிக்கப் சாவியை அவள் கையில் கொடுத்தார். தெல்தோட்டை, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராக்களுக்குப் பால்மாவும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. எட்டு மாதமும் வண்டி சொன்னபடி கேட்டது. அந்த ஒக்டோபரில்தான் இது தொடங்கியது.

முதலில் அவளுக்குப் பயமில்லை. யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோசம்கூட இருந்தது. தனியாகப் போகும்போது அவள் வேண்டுமென்றே பற்றிக்கின் முறையில் கியர் மாற்றிப் பார்ப்பாள். மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு முன்னே அரை நொடி புறப்பட்டு, கையைத் தன்னோடு இழுத்துப்போய், சரியான இடத்தில் விட்டது. தேயிலை மலைகளில் மூடுபனி இறங்கிய வளைவுகளில், வைப்பர் இழுக்கும் சத்தத்துக்கும் சில்லுகள் சரளையில் அரைபடும் சத்தத்துக்கும் நடுவில், கைமேல் அந்தச் சூடு ஏறும்.

லோரன்ஸ் கூட வந்த நாட்களில் அப்படி இருக்கவில்லை.

அவன் இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் உள்ளே காற்று கனத்துவிடும். கிளச் பிளேட் கருகும் மணம் வரும், ஆனால் வண்டி இன்னும் புறப்பட்டிருக்காது. மேடு ஏறும்போது, எந்தக் கியரில் இருந்தாலும், லீவர் மெல்ல நடுங்கத் தொடங்கும். பிறகு டக்கென்று கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். எஞ்சின் எதையும் இழுக்காமல் தனியே உறுமும். வண்டி சக்தியற்றுப் பின்னால் நகரப் பார்க்கும். அவள் பிரேக்கை மிதித்து, மறுபடி கியர் போட்டு, மறுபடி புறப்பட வேண்டும். ஒருமுறை தென்னக்கும்புர செக்பொயின்ட்டில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்துத் தமிழ்ப் பெயரை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போகச் சொன்னபோது, அவனுக்கு முன்னாலேயே கியர் கழன்று எஞ்சின் அலறியது. துவக்கு அவள் பக்கம் திரும்பியது. லோரன்ஸ் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் இரண்டு சொல் சொல்லி அவனைச் சிரிக்க வைத்தான். ஜன்னலிலிருந்து தலையை உள்ளே எடுத்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. பயம் ஆமிக்காரனைப் பார்த்து வந்ததல்ல என்று ஏனோ அவளுக்குத் தோன்றியது. அவன் லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்குறணையில் கராஜ் வைத்திருந்த பாயிஸிடம் வண்டியைக் கொண்டுபோய் விட்டாள். இரண்டு நாள் வைத்திருந்தான். மாத்தளை வரை ஓட்டிப் பார்த்தான், மூட்டை ஏற்றிக்கொண்டு அலதெனிய மேட்டில் ஓட்டினான். ஒருமுறைகூடக் கழலவில்லை என்றான். பிறகு கியர் பெட்டியைக் கழற்றி, உள்ளிருந்து எடுத்த ஒரு துண்டைத் துணியில் துடைத்து அவளிடம் காட்டினான்.

"எல்லாம் புதுசு மாதிரித்தான் மிஸ் ஈக்கிது. இந்த இடம் மட்டும் தேஞ்சி ஈக்கிது, பாத்தீங்களா? தானா கழர்ற கியர் இப்பிடித் தேயாது. ஓடக்கொள்ள யாரோ பலவந்தமா இழுத்தாத்தான் இப்பிடித் தேயும்."

நான்தான் ஓட்டுகிறேன், நான் இழுக்கவில்லை என்றாள் அவள்.

"டிரைவர் இழுத்தா இந்தப் பக்கம் தேயணும்." பாயிஸ் விரலால் காட்டினான். "இது அடுத்த சீட்டுல ஈந்து இழுத்தது. ஒருக்கா ரெண்டு தரமில்ல."

அன்றிலிருந்து அவள் லோரன்ஸின் கைகளைப் பார்க்கத் தொடங்கினாள். அவன் லீவரைத் தொடவில்லை. தொடமாட்டான். வண்டியில் ஏறியதும் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி அதன்மேல் உட்கார்ந்துவிடுவான். மேட்டிலும் பள்ளத்திலும் உடம்பு ஆடினாலும் கைகளை வெளியே எடுக்கமாட்டான். நினைத்துப் பார்த்தபோது பஸ்ஸிலும் வேனிலும் எத்தனையோ வருடமாக அவன் அப்படித்தான் உட்கார்ந்து வருகிறான். குளிருக்கு என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த மாதத்தின் நடுவில் ஒருநாள், ஸ்டோரில் பால்மாப் பெட்டிகளை எண்ணி முடித்துவிட்டு அவன் அவளிடம் தன்னைக் கல்யாணம் செய்யச் சம்மதமா என்று கேட்டான். ஃபாதரிடம் பேசிவிட்டானாம். பெற்றீசியா பெரியவளாகிவிட்டாள், வீட்டில் ஒரு ஆண் துணை வேண்டாமா என்றான். அவள் பழக்கத்தில் "லோரன்ஸ் அண்ணே" என்று தொடங்கினாள்.

"இனிமே அண்ணேன்னு கூப்பிடாதீங்க செசிலி" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் சகல ஆத்துமாக்களின் திருநாள் கழியட்டும், பதில் சொல்கிறேன் என்று அவள் சொன்னாள். இல்லை என்று சொல்ல அவளிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை. வெளியே நின்ற பிக்கப்பில், சாவி அவள் கைப்பையில் இருக்க, ஏதோ டக்கென்று கழன்ற சத்தம் கேட்டது. இருவருக்கும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை, பிலிமத்தலாவையில் ஒரு கடையிலிருந்து பருப்பு மூட்டைகள் ஏற்றிவரச் சொன்னார் சிஸ்டர் டொரதி. வழக்கமான கடையில் சரக்கு இல்லையாம். பதின்மூன்று வருடமாக அந்த ரோட்டைத் தவிர்த்து வந்தவள் செசிலியா. கொழும்புக்குப் போவதென்றால் ரயிலில் போவாள். லோரன்ஸ் வேறு வண்டி பிடிக்கலாமே என்று சிஸ்டரிடம் மன்றாடினான். அவன் அவ்வளவு மன்றாடியதாலேயே அவள் போவதென்று தீர்மானித்தாள்.

பேராதனைப் பாலம் தாண்டும்வரை வண்டி அமைதியாக ஓடியது. வானம் கீழே இறங்கி, மத்தியானம் இரண்டு மணிக்கே கடைகளில் பல்பு எரிந்தது. ரோட்டோரம் பித்தளைச் சாமான் கடைகளும் கருவாடு தொங்கும் பெட்டிக்கடைகளும் ஈரத்தில் மங்கிப் பின்னால் போயின. லோரன்ஸ் கைகளின்மேல் உட்கார்ந்து உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தான். மூட்டைகளை வாங்க வேண்டிய கடை டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. அதற்குப் போகும் வழியில்தான் அந்த வளைவு. அவள் அதை ஒருமுறையும் பார்த்ததில்லை. ஆனால் கருகல் மணம் வந்ததும், ஒரு சிறிய மதகும் அதையொட்டி ஒரு தேநீர்க்கடையும் தெரிந்ததும், அதுதான் என்று அறிந்தாள்.

லீவர் நடுங்கியது. அவள் இறுக்கிப் பிடித்தாள். அது அவள் உள்ளங்கைக்குள் திமிறி, இடது பக்கமாக, அவன் பக்கமாக, நெளிந்து கழன்றது.

நியூட்ரல்.

எஞ்சின் உறுமியது. அவளுடைய கால் எக்சிலேட்டரில் இல்லை. ஆனாலும் உறுமல் ஏறிக்கொண்டே போயிற்று. வண்டி வளைவின் நடுவில் அசையாமல் நின்றது. அவள் கியர் போட்டாள். கழன்றது. போட்டாள். கழன்றது. உறுமல் அலறலாகியது. முன்னால் ரோடு வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை. போகலாம். போக முடியவில்லை.

தேநீர்க்கடையிலிருந்து ஒரு சிங்களக் கிழவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். ஜன்னலுக்கு அருகில் வந்து, எஞ்சினை நிறுத்து பிள்ளை, தயவுசெய்து நிறுத்து என்று கத்தினார். அவள் சாவியைத் திருப்பினாள். இரண்டாம் திருப்பில்தான் நின்றது. அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. மன்னிக்கச் சொல்லிவிட்டு, தனக்கு இந்தச் சத்தம் ஆகாது என்றார் சிங்களத்தில்.

"அந்தக் கலவர வருசம் இதே இடத்தில ஒரு லொறி இப்படித்தான் கத்திச்சு, பிள்ளை. நின்ன இடத்திலேயே கத்திச்சு. முன்னுக்கு ரோட்டில ஆளே இல்ல, எல்லாரும் பின்னாலதான் ஓடி வந்தானுக. ஏன் இவன் போறானில்ல, ஏன் போறானில்லன்னு நான் இங்க நின்னு அழுதேன்."

அவர் போய்விட்டார். கண்ணாடியில் மழை விழத் தொடங்கியது.

எஞ்சின் நின்னு போச்சு செசிலி.

லோரன்ஸ் அன்று அப்படித்தானே சொன்னான் என்று அவள் இடது பக்கம் திரும்பினாள். லோரன்ஸின் கைகள் வெளியே வந்திருந்தன. மடியில் மல்லாந்து கிடந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான், யாரும் கேட்காமலே.

பற்றிக் கூட்டத்தைத் தாண்டி லொறியை விட்டுவிட்டானாம். முன்னால் தடை ஏதும் இல்லையாம். ஆனால் அடுத்த சந்தியில் இன்னும் பெரிய கூட்டம் நிற்கும், நிற்காமல் ஓடிவந்தது தெரிந்தால் இரண்டு பேரையும் கொல்வார்கள், நின்றால் ஒருவரையாவது விடுவார்கள் என்று லோரன்ஸுக்குத் தோன்றியதாம். பின்னால் ஓடி வந்தவர்களில் ஒருவன் அவனுக்குத் தெரிந்தவன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ இறங்கு என்று கத்தினானாம்.

"நான் கியர இழுத்திட்டேன். அவன் என்னத் திட்டல. என்ன செய்றேன்னு அவனுக்கு வெளங்கவேயில்ல. திரும்பப் போட வந்தான். நான் அவன் கையத் தட்டிவிட்டேன். திரும்பவும் வந்தான்." லோரன்ஸ் மூச்சு வாங்கினான். "அவங்க வந்து கதவத் தொறக்கிற வரைக்கும் நான் லீவர விடல, செசிலி."

அதன்பின் அவன் இறங்கி, அந்தத் தெரிந்தவனின் பக்கத்தில் நின்று, தான் சிங்களவன், கூலிக்கு வந்தவன் என்று சொன்னானாம். வயலுக்குள் ஓடியதெல்லாம் இல்லையாம். முடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியிருந்ததாம்.

அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள். கியர் முதல் தள்ளலிலேயே விழுந்தது. கடைக்குப் போய் மூட்டைகளை ஏற்றினாள், ரசீதில் கையெழுத்து வைத்தாள், வண்டியைத் திருப்பிக் கண்டிக்கு ஓட்டினாள். வழி முழுக்க அவன் அழுதுகொண்டு வந்தான். வழி முழுக்க வண்டி ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. லீவர் சாதுவாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு ஓய்ந்த ஆளைப்போல.

செசிலியா ஓயவில்லை. பேராதனையில் அவள் நினைத்தாள், பெற்றீசியாவின் கையைப் பிடித்தது இந்தக் கை. கெட்டம்பேயில் நினைத்தாள், ஆஸ்பத்திரியில் என் கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தது இந்தக் கை. குளக்கரைச் சுவரோரம் வாகனங்கள் நெருக்கி ஊர்ந்தபோது, கல்யாண மோதிரம் போட நீட்டப்போகும் கையும் இதுதான் என்று நினைத்தாள். பதின்மூன்று வருடமாக அவள் முகமில்லாத ஒரு கூட்டத்தை மன்னித்து வைத்திருந்தாள். இப்போது அதற்கு ஒரு முகம் இருந்தது. அது மூக்கைச் சிந்திக்கொண்டு, அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, "ஏதாவது பேசுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நிலையத்தை அடைந்தபோது மழை கொட்டியது. ஒக்டோபர் மாதாவுக்குரிய மாதம் என்பதால் எல்லோரும் சிற்றாலயத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த முணுமுணுப்பு மழைக்குள் ஏறியும் அமிழ்ந்தும் கேட்டது. ஸ்டோர் பின்பக்கம் இருந்தது. வண்டியை நேரே உள்ளே விட்டுத்தான் மூட்டை இறக்குவார்கள். இரும்புக் கதவுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒடுங்கிய கொட்டகை. இரண்டு பக்கமும் கற்சுவர். பிக்கப் நுழைந்துவிட்டால் ஒரு ஆள் நெருக்கிக்கொண்டு நடக்கும் இடம்தான் மிஞ்சும். அவள் கதவுக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினாள். முதல் கியர். கிளச்சில் இடது கால். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

லோரன்ஸ் இறங்கி, சுவரோடு உரசிக்கொண்டு முன்னால் போனான். பூட்டோடு மல்லுக்கட்டினான். சாவி நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தான். மறுபடி விழுந்தது.

எடுக்கவில்லை. திரும்பினான். வண்டியின் மூக்குக்கும் கதவுக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், அவன் நின்றான்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க செசிலி."

தகரத்தில் மழை இடித்தது. அவன் உதடுகள் அசைந்ததை அவள் பார்த்தாள்.

அவளுடைய இடது கால் கொஞ்சம் மேலே வந்தது.

லீவர் கழன்றது. சத்தமில்லாமல், மெதுவாக. நியூட்ரல்.

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். மறுபடி முதல் கியருக்குத் தள்ளினாள். பிடித்துக்கொண்டாள். அவள் கைக்கு மேல் சூடு வந்தது. முழு உள்ளங்கையும் ஐந்து விரலும், தெரிந்த கனம். அது இழுத்தது. பலவந்தமில்லை. கெஞ்சுவதுபோல.

பற்றிக் வேண்டாம் என்கிறான்.

அவளுக்குப் புரிந்தது. கண்களில் தண்ணீர் வந்தது. நடந்ததை அவளுக்குத் தெரிவிக்கத்தான் வந்திருக்கிறான். இதற்காக வரவில்லை. சாவி வலது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திருப்பினால் போதும். எல்லாம் நின்றுவிடும்.

அவள் சாவியைத் தொடவில்லை.

"நீங்க செத்துப் போயிட்டீங்க" என்றாள் மெல்லிய குரலில், கண்ணாடியைப் பார்த்தபடி. "நான்தான் இருந்தேன்."

வலது கையால் அவள் அந்த விரல்களைத் தேடினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைக்குத் தட்டுப்பட்டன. பெருவிரலை முதலில் பிரித்தாள். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல். அவை எதிர்த்தன. அவை அவள் விரல்களைக் கோத்துக்கொள்ளப் பார்த்தன. அவள் உதறினாள்.

லோரன்ஸ் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் பானெட்டின் மேல் வைத்தான்.

லீவர் முதல் கியரில் நின்றது.

அவள் வலது காலை அழுத்தினாள். இடது காலை எடுத்தாள்.

இரும்புக் கதவு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு அதிரவில்லை. சில்லுகள் சிமெந்தில் வழுக்கிச் சுழன்றன. ரப்பர் கருகும் புகை கொட்டகையை நிறைத்தது.

எங்கோ ஜெபமாலை நின்றது. குடைகள் ஓடிவந்தன. சிஸ்டர் டொரதி கதவுக் கண்ணாடியில் முஷ்டியால் அடித்துக்கொண்டிருந்தார், ஏதோ கத்திக்கொண்டிருந்தார். செசிலியா திரும்பவில்லை. அவளுடைய வலது கால் இன்னும் அடிவரை அழுந்தியிருந்தது. பானெட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகள் விரிந்தபடி கிடந்தன, எஞ்சினின் அதிர்வில் நடுங்கிக்கொண்டு. விரல்மூட்டு வெளுக்க லீவரை இறுக்கியிருந்த அவளுடைய இடது கையின் மேல், சூடான விரல்கள் வந்து அமர்ந்து, அவள் பிடியை ஒவ்வொன்றாக, பொறுமையாக, பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன.